117 ஃபுல் டேங்க், ஒரு நோட்டு: டீசல் ஃபோர் வீல் டிரைவ் நிஜமாகக் கொடுக்கும் மைலேஜ்

"மச்சான், நெசமா என்ன குடுக்குதுங்க?" என்று தங்கை வீட்டுக்காரர் தாம்பரத்திலிருந்து போன் செய்து கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த வரி 40 ஆகிவிட்டது, விலை கணிசமாக இறங்கிவிட்டது, என்னுடையதைப் போலவே ஏழு சீட் டீசல் ஃபோர் வீல் டிரைவ் எடுக்கலாமா என்று யோசனை. அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்திருந்தேன். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று, எழுதி அனுப்புகிறேன் மாப்ள என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதியது நீண்டுவிட்டது. வேறு யாருக்காவது உதவட்டும்.

2021 ஜூனில் வாங்கிய வண்டி. பொள்ளாச்சியில் இருக்கிறோம். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே எடை, இதே அளவு இன்ஜின் உள்ள எல்லா வண்டிக்கும் நான் சொல்வது கிட்டத்தட்டப் பொருந்தும்.

முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு டீசல் பில்லையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் நிரம்பியதும் பம்ப் தானாக நிற்குமே, அந்த முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தம். டீசல் நுரைக்கும், அதனால் சில சமயம் முன்கூட்டியே கட் ஆகிவிடும். ஒரு டேங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தப்பாகும். ஐந்து ஆறு டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் எண் உட்காரும். இதுவரை 117 முறை நிரப்பியிருக்கிறேன். 61,400 கி.மீ., 5,250 லிட்டர். லிட்டருக்கு 11.7.

டேஷ்போர்டு திரை இதே தூரத்துக்கு 12.6 என்கிறது. நாலரை வருஷமாக என்னைக் குடைகிற விஷயம் இதுதான். ஒரு முறை, இரண்டு முறை என்றால் விட்டுவிடலாம். 117 முறையில் ஒரு முறைகூடத் திரை குறைத்துச் சொன்னதில்லை, எப்போதும் கூட்டித்தான் சொல்கிறது. கிலோமீட்டர் மீட்டர் கூட ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, நெடுஞ்சாலைக் கற்களை வைத்து 100 கி.மீ. ஓட்டிப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான் வந்தது. ஆக, தூரம் சரி, டீசல் கணக்குதான் தப்பு. சர்வீஸில் கேட்டதற்கு "எல்லா வண்டியும் அப்படித்தாங்க சார்" என்றார்கள். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில், ஊற்றிய டீசலைச் சரியாக எண்ணத் தெரியாத ஒரு திரை எதற்கு? இதனால் என் பணம் போகவில்லை என்பது நியாயம்தான். ஆனால் மற்றவர்கள் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துத்தான் "எனக்கு 15 குடுக்குது" என்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் உங்களைப் போன்றவர்கள் முடிவெடுக்கிறீர்கள்.

கம்பெனி காகிதத்தில் இருக்கும் எண்ணையும் மறந்துவிடுங்கள். அது ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், ஏசி போடாமல் எடுத்தது. நம் ஊர் வெயிலில் ஏசி போடாமல் யார் ஓட்டுகிறார்கள்?

அடுத்தது ஃபோர் வீல். "நாலு சக்கரமும் இழுத்தா டீசல் குடிக்காம என்ன செய்யும்" என்பது எல்லாரும் சொல்வது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நண்பர் ஒருவரிடம் இதே வண்டி டூ வீல் டிரைவில் இருக்கிறது. இரண்டு குடும்பமும் பழநி, திண்டுக்கல் வழியாக மதுரை போய் வந்தோம். கிட்டத்தட்ட 360 கி.மீ., ஒரே பங்கில் நிரப்பி, ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டினோம். அவருக்கு 14.7, எனக்கு 14.1. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்க ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே திரிவதற்கு ஆகும் செலவு அவ்வளவுதான். வேகம் அதைவிட அதிகமாகத் தின்கிறது. சேலம் ரோட்டில் 80-85இல் பிடித்துப் போனால் 15.5 வரை பார்த்திருக்கிறேன். அதே ரோட்டில் 110இல் போனால் 12க்கு இறங்கிவிடுகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80க்கும் 110க்கும் நடுவில் அது கிட்டத்தட்ட இரு மடங்கு.

அப்படியானால் 11.7க்குச் சராசரியைக் கீழே இழுப்பது எது? நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு வருஷமும் மே மாதம் மட்டும் எண் 13க்கு ஏறும், ஜூன் பிறந்ததும் 9.6, 9.4 என்று விழும். இரண்டு வருஷம் இதைக் கோடை ஏசியோடு சேர்த்துக் குழம்பினேன். கோடையில்தானே ஏசி அதிகம், பிறகு ஏன் மைலேஜ் ஏறுகிறது? விடை பள்ளிக்கூடம். ஆறு கிலோமீட்டர் போய் பிள்ளைகளை விட்டு, ஆறு கிலோமீட்டர் திரும்பி, சாயங்காலம் மறுபடி அதே ஓட்டம். இரண்டு டன் வண்டி சூடேறும் முன்பே அணைந்துவிடுகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு வந்த டீசல் கார்களில், புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதை எரித்துத் தீர்க்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். ஹைவேயில் போகும்போது பதினைந்து இருபது நிமிஷத்தில் அது முடிந்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி ஆரம்பம், மறுபடி டீசல்.

2025 பிப்ரவரியில் டிபிஎஃப் விளக்கு முதல் முறை எரிந்தது. ஒர்க்‌ஷாப் பையன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினான். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் ஏறியிருந்தது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. விரலில் தொட்டுத் தேய்த்தேன், கொழகொழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. எரியாமல் மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. நோட்டில் நான் தேடிக்கொண்டிருந்த டீசலில் ஒரு பங்கு அந்தத் துணியில் இருந்தது. கம்ப்யூட்டரை மாட்டி நிறுத்தி வைத்தே கரியை எரித்தார்கள். ஆயிலையும் காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டியதாயிற்று.

மார்ச்சிலிருந்து பிள்ளைகளை ஸ்கூட்டரில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உடுமலை ரோட்டில் அரை மணி நேரம், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓட்டினேன். மைலேஜ் 12.3 வரை வந்தது. ஐப்பசி மழையில் ஸ்கூட்டரை எடுக்க முடியவில்லை. மூன்று வாரம் மறுபடி கார். விளக்கு மறுபடி எரிந்துவிட்டது. போன வாரத்து ஒர்க்‌ஷாப் பில் அதுதான்.

இத்தனை சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் வண்டிக்குத் துரோகம். மனைவியின் ஊர் கோத்தகிரிக்கு மேலே. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.க்குள் சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடு 2,200 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க 30 மெகாஜூல் ஆகும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் என்பதால், உயரத்துக்கு மட்டுமே இரண்டரை லிட்டர் போய்விடும். ஏறும்போது 7தான் கொடுக்கும். ஆனால் இறங்கும்போது கியரில் விட்டு இன்ஜின் பிரேக்கில் வந்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து போய்த் திரும்பிய கணக்கு எப்போது பார்த்தாலும் 13! மலையேறி இறங்கிய டேங்க், பள்ளிக்கூடம் போன டேங்கைவிட மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடக் கொடுக்கிறது. முதல் முறை கணக்குத் தப்பு என்று நினைத்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

போன வருஷம் தீபாவளி முடிந்து திரும்பும்போது விடாத மழை. மாமனார் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. பின் சீட்டில் மாமியார், டிக்கியில் இரண்டு மூட்டை கேரட். பின் சக்கரம் இரண்டும் அதே இடத்தில் சுற்றின. நியூட்ரலில் நிறுத்தி, நாலு சக்கரமும் மெதுவாக, முழு பலத்தோடு இழுக்கும் ஃபோர் லோ போட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட, முன் சக்கரம் சேற்றைக் கவ்வுவது ஸ்டீயரிங்கில் தெரிந்தது. ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு முறைகூட வழுக்காமல் மேலே வந்து நின்றது. மாமியார் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அந்த ஒரு ஏற்றத்துக்காகவே இந்த வண்டியை நான் விற்க மாட்டேன்.

உங்களுக்கு வேண்டாம் மாப்ள. தாம்பரத்திலிருந்து ஆபீசுக்கு எட்டு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் சிக்னலில். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவீர்கள், அதுவும் நாலு வழிச் சாலையில். இதை எழுதும் 2025 கடைசியில் டீசல் 92 ரூபாய் சொச்சம். உங்கள் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 9தான் வரும், வருஷத்துக்கு ஒரு முறை டிபிஎஃப் விளக்கும் எரியும். வரி குறைந்ததில் மிச்சமாகும் பணத்தைப் பார்க்காதீர்கள். பெட்ரோலோ ஹைப்ரிடோ பாருங்கள். மலைக்குப் போக வேண்டுமென்றால் என் வண்டி இருக்கிறது, சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டை முழுசாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். மே மாதப் பக்கத்தைக் கடைசியில் பாருங்கள், பிப்ரவரியை முதலில்.