நேபாளத்தில் சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

காத்மாண்டுவில் ஒரு அரசுப் பள்ளி, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு, ஆள் பற்றாக்குறை, உதவிக்கு வாருங்கள் என்றது, கட்டணம் வாங்கிக்கொண்டு தன்னார்வலர்களை அனுப்பும் ஒரு ஏஜென்சி. டாலரில் கட்டணம் கட்டிவிட்டு நானும் என்னோடு வேலை பார்க்கும் அக்காவும் புரட்டாசிக் கடைசியில் போனோம். இருவரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற சிறப்பாசிரியர்கள். அந்தப் பதிவு எண்ணையோ சான்றிதழையோ யாரும் கேட்கவேயில்லை.

போன அன்று பள்ளி பூட்டிக் கிடந்தது. நம் நவராத்திரி சமயத்தில்தான் அங்கே தசைன் பண்டிகை. நாடே ஊருக்குக் கிளம்பிவிடும், பள்ளிகள் மூடிவிடும், அடுத்த சில வாரங்களில் திகார் (அவர்களுடைய தீபாவளி) விடுமுறையும் வரும். காத்மாண்டுவிலேயே அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் அந்தத் தேதியைக் கொடுத்தார்கள்.

ரசீதில் 'விசா ஏற்பாடு' என்று ஒரு தொகை வேறு. இந்தியர் நேபாளம் போக விசாவே தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். கேட்டால், தன்னார்வலர் அனுமதிக்கு என்றார்கள். அப்படியொரு கடிதத்தைக் கடைசிவரை காட்டவில்லை. மற்ற நாட்டவருக்கு இன்னும் ஆபத்து: சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது.

பள்ளிக்குப் பதிலாக எங்களை ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுவனைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தே, ஐரோப்பாவிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் இருமிக்கொண்டே இருந்தான். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படுத்தபடி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், நிமோனியா வரும், உயிரே போகலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், தாடையைச் சற்றே தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவதே இதுதான். அக்கா அவனைத் தூக்கித் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவள் மேல் கோபமில்லை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

அங்கிருந்த பல பிள்ளைகளுக்கு ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று சமையல்கார தீதி சொன்னார். வேறு வழியே இல்லாவிட்டால்தான் குழந்தையை இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறது நேபாளத்தின் 2018 குழந்தைகள் சட்டம்.

பள்ளிக் காவலாளியிடம் எண் வாங்கித் தலைமையாசிரியரோடு பேசினோம். ஏஜென்சி ஆட்களைக் கூட்டிவந்து படம் எடுப்பதோடு சரி, பள்ளிக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை என்றார். எங்களுக்கு வந்து போகிறவர்கள் வேண்டாம், இருக்கிற ஆசிரியைக்குப் பயிற்சி கொடுங்கள், அது போதும் என்றும் சொன்னார். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு புது முகத்துக்குப் பழகவே எவ்வளவு நாளாகும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பணம் கட்டும் முன் பள்ளித் தலைமையாசிரியரோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று அடம்பிடியுங்கள். தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் நேபாள சமூக நலக் கவுன்சிலில் இணைந்த அமைப்பா என்று கேளுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்காமல் குழந்தைகளிடம் அனுப்புகிறவர்களிடம் போகவே போகாதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கார்டில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம், விசா தொகை போட்ட ரசீதையும் இணைத்திருக்கிறோம். இதே மாதிரி விசாவுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள்.