கழுதை ஆட்டம் கத்துக்க வாங்கின பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு

கோபி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் 150 ரூபாய்க்கு வாங்கினதுங்க. எங்க பாப்பாவுக்கு அவ அம்மிச்சி, அதாவது எங்க அம்மா, கழுதை ஆட்டம் சொல்லிக்குடுத்தாங்க. ஜோக்கரை எடுத்துட்டு, நாலு பேருக்கும் 13 சீட்டு. ஸ்பேடு ஆஸ் வெச்சிருக்கறவங்க ஆரம்பிக்கணும். இறக்கின வகை கையில இல்லீன்னா வேற சீட்டால வெட்டலாம்; அந்த வகையில பெருசு போட்டவங்க எல்லாத்தையும் அள்ளிக்கணும். கடைசியா சீட்டோட நிக்கறவங்க கழுதை. "ஒத்தை டைமண்ட் இருந்தா மொதல்ல அதைத் தள்ளிரு கண்ணு"ன்னு அம்மா சொன்ன அன்னிக்குத்தான் பாப்பா தப்பிச்சா. எனக்கு அத்தனை சந்தோசம்!

எழுத்து பெருசு, அம்மா கண்ணாடியில்லாமப் படிக்கறாங்க. டீ சிந்தினாலும் தொடச்சா போச்சு. ஆனா ரொம்ப வழுக்குது, சின்னக் கையில 13 சீட்டு நிக்கறதில்லை. அட்டைப்பெட்டி ஒரே வாரத்துல கிழிஞ்சுது. இப்ப ரப்பர் பேண்டுதான்.