கேம் பாய் அட்வான்ஸுக்கு எனெலூப் செல்கள்: பாளையங்கோட்டை வெயிலில் ஒரு மதிப்பீடு

நிண்டெண்டோ 2001-இல் வெளியிட்ட கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி, இரண்டு ஏஏ செல்களில், அதாவது நம் ஊர்க் கடைகளில் பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் செல்களில், ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கருவி இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அதைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை என்பதால், ஒருமுறை தீர்ந்ததும் எறிந்துவிடும் அல்கலைன் செல்களை வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பானசோனிக் எனெலூப் செல்களில் இரண்டு ஜோடியும், அதே நிறுவனத்தின் பிக்யூ-சிசி17 சார்ஜரும் வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். விலை சற்று உறைத்தாலும், இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான செல்லை நான் பார்க்கவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடை ஒன்றில் எனெலூப் கேட்டபோது, கடைக்காரர் வேறொரு செல்லை எடுத்து நீட்டி, "அண்ணாச்சி, இதுல நம்பர் கூட இருக்கு பாருங்க, இதையே எடுத்துக்கிடுங்க" என்றார். அதன் மேலுறையில் 3600 எம்.ஏ.எச். (செல் தேக்கும் மின்சாரத்தின் அளவு, மில்லி ஆம்பியர் மணியில்) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. எனெலூப்பைப் போன்ற, ஏஏ அளவிலான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைச் செல்லில் 2700, 2800-க்கு மேல் கொள்ளளவு வருவது நடைமுறையில் இல்லை என்று தெரிந்திருந்தும், விலை குறைவு என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு ஜோடி வாங்கினேன். தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்துப் பார்த்தபோது எனெலூப் 26 கிராமுக்கு மேல் காட்டியது. அந்தச் செல்லோ 20 கிராமைக்கூடத் தொடவில்லை. உள்ளே பொருள் இல்லாமல் வெளியே எண் மட்டும் இருந்து என்ன பயன்? போதாக்குறைக்கு, அதன் உறை தடிமனாக இருந்ததால் கேம் பாயின் செல் அறைக்குள் இறுக்கமாக மாட்டிக்கொண்டது. மரக்குச்சியால் நெம்பித்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது.

எனெலூப் செல்லின் மேல் குறைந்தபட்சம் 1900 எம்.ஏ.எச். என்றுதான் போட்டிருக்கும். அதே வரிசையில் எனெலூப் புரோ என்ற, 2500 அளவிலான கறுப்பு நிறச் செல்லும் கிடைக்கிறது. ஆயினும் சாதாரண எனெலூப்பான வெள்ளைச் செல்லை சுமார் 2100 முறை சார்ஜ் செய்யலாம் என்று கூறும் நிறுவனமே, புரோவுக்கு 500 முறை என்றுதான் குறிப்பிடுகிறது. கேம் பாய் அட்வான்ஸ் அதிக மின்சாரம் கேட்கும் கருவி அல்ல; அதன் பழைய திரைக்குப் பதிலாக ஒளிரும் ஐபிஎஸ் திரையை மாற்றிப் பொருத்தியவர்களுக்கு மட்டும் செல் கணிசமாக விரைவில் தீரும் என்பதால், அவர்கள் புரோவைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வெள்ளைச் செல்லே போதும்.

இந்தச் செல்களின் உண்மையான பலம், சும்மா வைத்திருக்கும்போது தானாகச் சார்ஜ் இறங்கும் வேகத்தைக் குறைத்ததில் இருக்கிறது. 2005-இல் சான்யோ நிறுவனம் (பின்னாளில் இது பானசோனிக் வசம் வந்தது) எனெலூப்பை அறிமுகப்படுத்துவதற்கு முன்பிருந்த சாதாரண நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களை, சார்ஜ் செய்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுச் சில மாதம் கழித்து எடுத்தால் பெரும்பகுதி வற்றிப்போயிருக்கும். எனெலூப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 70 சதவீதச் சார்ஜைத் தக்கவைக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் அது 20 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்ட கணக்கு. பாளையங்கோட்டையில் 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையிலேயே அரிது. வெப்பம் ஏற ஏறச் சார்ஜ் வேகமாக இறங்கும்; செல்லின் ஆயுளும் குறையும். அப்படியிருந்தும், கத்திரி வெயில் முழுவதும் உள்ளறை அலமாரியில் கிடந்த ஜோடி, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் எடுத்துப் போட்டதும் பகல் முழுக்க ஓடியது. மொட்டைமாடி அறையிலும், வெயிலில் நிற்கும் காரிலும் மட்டும் செல்களை வைக்கக் கூடாது.

சார்ஜ் செய்யும்போதே செல் சூடாகும் என்பதால், கோடையில் நண்பகலில் சார்ஜரை மாட்டாமல், காலையிலோ இரவிலோ, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைப்பது நல்லது. செல்லுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சார்ஜருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. செல்கள் நிரம்பியதா என்று பார்க்காமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மலிவுச் சார்ஜர்கள் நல்ல செல்லையும் கெடுத்துவிடும். பிக்யூ-சிசி17 ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிரம்பியதும் தானாக நிறுத்திக்கொள்கிறது. முழுதாக ஏறச் சுமார் 7 மணி நேரம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. இரவில் போட்டுக் காலையில் எடுக்கும் வீட்டுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

கருவியில் போட்டு ஆடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறையும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ 1.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். ஆகவே கேம் பாயின் பச்சை விளக்கு சிவப்பாக மாறினால், இன்னும் ஒரு கட்டம் ஆடலாம் என்று நினைக்காமல் உடனே ஆட்டத்தைச் சேமித்துவிட வேண்டும். சிவப்பு எரிந்த பிறகும் கருவியை அணைக்காமல் போட்டுவிட்டால், இரண்டில் பலவீனமான செல் முழுதும் வற்றி, மற்றதன் மின்னோட்டம் அதன் வழியே தொடர்ந்து பாய்ந்து, அதன் துருவங்களைத் தலைகீழாக்கி அதைக் கெடுத்துவிடும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு செல்களை எப்போதும் ஜோடியாகவே போட்டு, ஜோடியாகவே சார்ஜ் செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். எங்கள் வீட்டில் ஒரு ஜோடியில் மார்க்கர் பேனாவால் 'அ' என்றும் அடுத்ததில் 'ஆ' என்றும் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்.

முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்ற அறிவுரை பழைய நிக்கல் காட்மியம் செல்களுக்குச் சொன்னது. இவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழைய கருவியை வாங்குபவர்கள் செல் அறையின் கம்பிச்சுருளைப் பார்க்கட்டும். பழைய அல்கலைன் செல்லிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கசிந்து வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், வினிகரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பின்னரே புதிய செல்லைப் போட வேண்டும்.

2003-இல் வந்த மடிக்கும் வகை அட்வான்ஸ் எஸ்பிக்கு இந்த மதிப்பீடு பொருந்தாது; அதற்குள் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. அது உப்பியிருந்தால் கருவியைச் சார்ஜில் போடாமல் பேட்டரியை மாற்றிவிட வேண்டும்.

எங்கள் 'அ' ஜோடி முன்போல நெடுநேரம் தாங்காத நாள் வரும்போது அதைக் குப்பையில் போடும் எண்ணம் இல்லை. மின்சாரம் அதிகம் கேட்காத டிவி ரிமோட்டில் அது இன்னும் சில காலம் ஓடும்.