1,180 டாலர் போச்சு: ட்ரெய்லருக்கு ஹிட்ச் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பிக்கப்பையும் ட்ரெய்லரையும் இணைக்கிற ஹிட்ச்சை ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். நேற்று சாயங்காலம் அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." ஒரே வரி, அவ்வளவுதான். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறோம். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஆர்வி (தங்கிப் பயணம் போகிற வண்டி) சாமான்கள் விற்று அங்கேயே மாட்டியும் கொடுக்கிற ஒரு கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பிப்ரவரியில், முகாமில் தங்குகிற 26 அடி ட்ரெய்லர் ஒன்று பழையது வாங்கினோம். காலி எடை 5,300 பவுண்டு, சாமான் ஏற்றினால் 7,200 பவுண்டு வரை போகலாம். இழுப்பது எங்கள் ஹாஃப் டன் பிக்கப். இந்தக் கனத்தை பிக்கப்பின் பின்னால் இருக்கிற வெறும் இரும்புப் பந்தில் மாட்டி இழுத்தால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. அதற்குத்தான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ட்ரெய்லரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பார் என்று இரண்டு இரும்புக் கம்பிகள் வரும். அவை நெம்புகோல் மாதிரி நெம்பி, பின்னால் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை ட்ரெய்லரின் அச்சுக்கும் தள்ளிவிடும். இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். எத்தனை பவுண்டு பாரத்துக்கான கம்பி, எந்த உயரம், எந்தச் சாய்வு என்பதெல்லாம் தெரியாது. தெரிந்தவர்களிடம் காசு கொடுத்துச் செய்துகொள்வோம் என்றுதான் அங்கே போனேன்.

கவுண்டரில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அவசரமே படவில்லை. வெளியே வந்து, என் மகன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இந்தச் சங்கிலி இங்கே மாட்டும், இந்தக் கம்பி வளையும், அது வளைந்தால்தான் உங்கள் வண்டி நேராக நிற்கும் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். என் பேரப்பிள்ளைகளை இதே ஹிட்ச்சில்தான் இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். நம் ஊரில் வயதான மாமா ஒருவர் சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வோமோ அப்படிக் கேட்டுக்கொண்டேன். ட்ரெய்லர் கம்பெனிக்காரன் அச்சடித்த தாளைப் பார்த்து, "டங் வெயிட் 560, அப்படியானால் 600 பவுண்டு கம்பி போதும்" என்றார். டங் வெயிட் என்பது ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் அழுத்துகிற பாரம். தாளில் இருந்த 560 காலி ட்ரெய்லருக்கான கணக்கு. பேட்டரி, நிரப்பிய கேஸ் சிலிண்டர் இரண்டு, முன் அறையில் அடுக்குகிற சாமான் எதுவும் அதில் சேராது. நீங்கள் என்னென்ன ஏற்றுவீர்கள் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

ஹிட்ச்சுக்கு 900, "அளந்து பொருத்தி, சரிபார்த்துக் கொடுக்க" 280. மொத்தம் 1,180 டாலர். நாங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள், இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, வேலை முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு டேப்லெட்டை நீட்டி இங்கே கையெழுத்து என்றார்கள், போட்டேன். "பொருத்தியதைப் பார்த்தேன், திருப்தி" என்று அதில் எழுதியிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

மார்ச் விடுமுறைக்கு மஸ்டாங் ஐலண்டில் கடற்கரை முகாமுக்குக் கிளம்பினோம். சான் ஆன்டோனியோ தாண்டி ஐ-37இல் 60 மைல் வேகம்தான், அதற்கு மேல் போகவில்லை. பக்கவாட்டில் காற்று. பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியதும் ட்ரெய்லர் முதலில் அதன் பக்கம் இழுத்தது, பிறகு மறுபக்கம் தள்ளியது, அப்புறம் நிற்கவே இல்லை. கண்ணாடியில் ட்ரெய்லரின் இடதுபுறம் தெரிகிறது, மறைகிறது, வலதுபுறம் தெரிகிறது. ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் கிடந்தது. பின்சீட்டில் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னங்க, என்னங்க" என்பதைத் தவிர மனைவிக்கு வேறு வார்த்தை வரவில்லை. வண்டி பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் இருக்கிற ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை மட்டும் கையால் அழுத்தினேன். எப்போதோ படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. அதனால் ஓரத்தில் நிறுத்த முடிந்தது. மீதி தூரம் 45 மைலில் போனோம்.

முகாமில் பக்கத்து இடத்துக்காரர் எங்கள் பிக்கப் நிற்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு டேப்போடு வந்தார். முன்சக்கரத்துக்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பின் உயரம்: ட்ரெய்லர் இல்லாமல் 38 அங்குலம், கம்பி போடாமல் மாட்டினால் 39, கம்பி போட்ட பிறகு 38¾. தூக்கிய ஒரு அங்குலத்தில் கால் அங்குலம்தான் இறங்கியிருக்கிறது. பல பிக்கப் கையேடுகளில் பாதியாவது இறங்க வேண்டும் என்று போட்டிருக்கும், உங்கள் கையேட்டைப் பாருங்கள் என்றார். பிறகு ஹிட்ச் வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டார். பிக்கப் தொட்டியிலேயே கிடந்தது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிக்காமல். உள்ளே வாஷர்கள். ஹிட்ச்சின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து வைக்க உள்ளே கோக்க வேண்டிய வாஷர்கள். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் கம்பிக்கு வேண்டிய இறுக்கம் வராது. அதில் ஒன்றுகூடப் போடவில்லை! 280 டாலர் வாங்கிக்கொண்டு அந்தப் பையைக்கூடப் பிரிக்கவில்லை. பந்தின் நட்டை 450 அடி-பவுண்டுக்கு முறுக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் போட்டிருக்கிறது. அவருடைய டார்க் ரென்ச்சை (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பேனர்) வைத்ததும் அது அரைச் சுற்றுக்கு மேல் தானாகவே போனது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நட்டை நம்பித்தான் வந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ட்ரக் ஸ்டாப்பில் லாரிகளை எடை போடுகிற கேட் (CAT) ஸ்கேலில் மூன்று தடவை எடை போட்டேன். பிக்கப் மட்டும்: முன் அச்சு 2,980, பின் அச்சு 2,640. கம்பி இல்லாமல் மாட்டியபோது முன் அச்சு 2,610, பின் அச்சு 3,830. கம்பியோடு முன் அச்சு 2,700. கம்பி இல்லாமல் மாட்டியதில் பிக்கப்பின் மொத்தம் 820 பவுண்டு ஏறியிருக்கிறது, அதுதான் உண்மையான டங் வெயிட். அதற்குத்தான் 600 பவுண்டு கம்பி. முன் அச்சு இழந்த 370 பவுண்டில் திரும்பி வந்தது 90.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மகனிடம் குத்துக்காலிட்டுப் பேசிய அதே மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாப் பிக்கப்பும் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும் என்றார். வாஷர் பையை மேசைமேல் வைத்தேன். மேனேஜர் வியாழக்கிழமை வருவார் என்றார். வியாழக்கிழமை போனால், வாரண்டி எல்லாம் தயாரித்த கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள் என்றார் மேனேஜர். கம்பெனிக்கு போன் செய்தால், தவறான அளவு விற்றது கடையின் பொறுப்பு என்கிறார்கள். மறுபடி போனதற்கு, இன்னொரு 150 டாலர் கொடுத்தால் ஆட்டத்தைத் தடுக்கிற பார் ஒன்று மாட்டித் தருகிறோம் என்றார்கள். 1,180 டாலர் வாங்கியவர்கள் கேட்கிறார்கள்! கிரெடிட் கார்டில் புகார் கொடுத்தேன், நான் கையெழுத்துப் போட்ட அந்த "திருப்தி" தாளைக் கடைக்காரர்கள் அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஜஸ்டிஸ் கோர்ட்தான். இங்கே 20,000 டாலர் வரைக்குமான வழக்கை அங்கே நாமே போடலாம்.

கடைசியில் எழுதுகிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு. அச்சடித்த டங் வெயிட்டை நம்பாதீர்கள், சாமான் ஏற்றி எடை போட்ட பிறகு கம்பி வாங்குங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்கும். அந்த எடை பிக்கப்பின் பேலோடில் (பிக்கப் தாங்கக்கூடிய பாரம்) சேரும், டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். ரிசீவரின் (பிக்கப்பின் பின்னால் ஹிட்ச்சைச் செருகுகிற குழாய்) ஸ்டிக்கரையும் பாருங்கள், இந்த ஹிட்ச்சோடு ஒரு வரம்பு, இல்லாமல் ஒரு வரம்பு என்று தனித்தனியாக இருக்கும். பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், காபி குடிக்கப் போகாதீர்கள். ஃபெண்டரை மூன்று தடவை டேப் வைத்து அளக்காதவனிடம் 280 டாலர் கொடுக்காதீர்கள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் டேப்லெட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.