8 × 42 பைனாகுலர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே 8 × 42 அளவுள்ள பைனாகுலர் ஒன்றை வாங்கி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. குழல்கள் நேராக அமைந்த, ரூஃப் பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் ஒருவகைக் கண்ணாடிப் பட்டகம்) வகையைச் சேர்ந்த, நீர் புகாத நடுத்தரக் கருவி அது. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் காட்சியின் தெளிவைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். ஒரே பறவைகளை எல்லாப் பருவங்களிலும் பார்த்த பிறகுதான் இதன் அருமை எனக்கு விளங்கியது.

முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: இதில் 5.25 மி.மீ., 10 × 42 கருவியில் 4.2 மி.மீ. நண்பகலில் நம் கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் பறவைகள் மும்முரமாக இரை தேடும் விடியற்பொழுதில் கண்மணி விரிந்திருக்கும்; அப்போது புதருக்குள் இருக்கும் பறவையின் நிறம் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பொறுத்தே அமையலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கருவியில் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறுகிவிடும். பரந்த நீர்நிலைகளில் தொலைவிலுள்ள வாத்துகளையே பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு எட்டு மடங்கே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருவி எனக்குக் கற்றுத்தந்தவற்றில் முதன்மையானது சிட்டுக்குருவியைப் பற்றியது. சுவரோரம் நான்கு மீட்டர் தொலைவில் அமர்ந்த ஆண் குருவியை முதலில் பார்த்தபோது, அதன் கழுத்தில் கறுப்பு நிறம் திட்டுத்திட்டாக மட்டுமே தெரிந்தது. ஒவ்வோர் இறகின் நுனியிலும் வெளிறிய விளிம்பு இருந்தது. இனப்பெருக்கத்துக்குப் பின் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவை முளைக்கும்போது இந்த விளிம்புகள் கறுப்பை மறைத்துவிடுகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல அவை தேய்ந்து உதிர, அடியிலிருந்த கறுப்பு வெளிப்படுகிறது. அடுத்த இனப்பெருக்கக் காலத்துக்காகப் புதிய இறகு எதுவும் முளைப்பதில்லை. தேய்மானமே அதற்கு அலங்காரமாகிறது. அலகும் பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறுகிறது. இத்தனை காலமும் அருகிலேயே இருந்த பறவையிடம் இதை நான் கவனித்ததே இல்லை.

உண்ணிக்கொக்கின் தலையிலும் முதுகிலும் இளஞ்செம்மஞ்சள் படர்வதையும், தகைவிலானின் இளம்பறவைகளுக்கு வாலில் கம்பிபோல் நீளும் இறகுகள் குட்டையாக இருப்பதையும் இவ்வாறே பார்த்தேன். கூட்டை நெருங்காமல் பார்க்க முடிவது மற்றொரு பெரும் நன்மை. தாய்ப்பறவை நம்மைக் கண்டு எச்சரிக்கைக் குரல் எழுப்பினால், கையில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் நாம் பின்வாங்கத்தான் வேண்டும். பார்த்தவற்றை 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்துவருகிறேன். எந்தப் பறவை ஆண்டின் எந்த வாரங்களில் மிகுதியாகப் பதிவாகிறது என்பதை அதன் பட்டை வரைபடம் காட்டுவதால், எப்போது எதைத் தேடுவது என்பதை முன்கூட்டியே அறியலாம்.

குறைகளும் உண்டு. இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையம் மிகவும் தளர்வானது; உறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் நகர்ந்துவிடும். ஒரு மாதம் வரை லென்ஸில்தான் பழுது என்று எண்ணி வருந்தினேன். சரியான இடத்தில் நிறுத்தி ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிய பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஏறத்தாழ 700 கிராம் எடை இரண்டு மணி நேரத்தில் கழுத்தை வருத்துவதால், உடன் வந்த பட்டையை நீக்கிவிட்டு, தோள்களில் குறுக்காக அணியும் பட்டையைத் தனியே வாங்க நேர்ந்தது.

இவ்வகைக் கருவியை வாங்குவோர் வெளிச்சமான பெயர்ப்பலகையைப் பார்த்து மதிப்பிட வேண்டாம். எந்தக் கருவியிலும் அது தெளிவாகவே தெரியும். மரத்தடி நிழலில் இலைகளின் நரம்பு தெரிகிறதா என்று பாருங்கள். வானத்தின் பின்னணியில் ஒரு கிளையைப் பார்த்து, அதன் ஓரத்தில் ஊதா விளிம்பு படியும் குறை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலேயே காட்சி வட்டம் முழுவதும் தெரிகிறதா என்று சோதித்த பிறகே பணம் செலுத்துங்கள்.