காந்த மீன்பிடி விளையாட்டு: மீனின் வாயில் காந்தம் வெளியே தெரிந்தால் வாங்காதீர்கள்

விளம்பரத்தில் இருந்தது இது: மரத்தில் செய்த 24 மீன்கள், 4 தூண்டில்கள், ஒரு நிறப் பகடை, 3 வயதுக்கு மேல், காந்தங்கள் மரத்துக்குள் பதிக்கப்பட்டவை. பெட்டியில் வந்தது 22 மீன், 3 தூண்டில். எண்ணிக்கை குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காந்தம் ஒன்றுகூட உள்ளே பதிக்கப்படவில்லை. எல்லாம் மேலாகப் பசை வைத்து ஒட்டியவை. முதல் நாள் ஆட்டத்திலேயே இரண்டு கழன்று விழுந்தன. ஒவ்வொன்றும் 5 மி.மீ. அகலத்தில், மாத்திரை போன்ற வெள்ளி நிற வில்லை.

ஒரு காந்தத்தை விழுங்கிய பிள்ளை சற்று நேரம் கழித்து இன்னொன்றையோ, ஓர் இரும்புத் துண்டையோ விழுங்கினால், இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் நசுங்கும் குடல் சுவருக்கு ரத்த ஓட்டம் நின்று ஓட்டை விழும். வெளியே தெரிவது சாதாரண வயிற்றுவலியும் வாந்தியும்தான். அதனால் பெற்றோர் காத்திருந்துவிடுகிறார்கள். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய், "காந்தம் விழுங்கியிருக்கலாம்" என்று சொல்லி எக்ஸ்ரே கேளுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பேதி மருந்தும் கொடுக்காதீர்கள்.

"3 வயதுக்கு மேல்" என்று அச்சிட்டுவிட்டால் விற்பவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஐரோப்பியத் தரமான இஎன் 71-1, அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்963 இரண்டிலும் காந்த விதி 14 வயது வரையிலான பிள்ளைகளின் பொம்மைகளுக்குப் பொருந்தும். 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் அளவு சிறிய காந்தம் தனியாகக் கழன்று வரக்கூடியதாக இருந்தால், அதன் காந்தப் பாய்வு எண் (காந்தம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் அளவு) 50க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த வெள்ளி வில்லைகள் நியோடிமியம் வகை. சிறிதாக இருந்தாலும் இழுவிசை மிக அதிகம்.

ஏன் கழல்கிறது? நியோடிமியத்தின் மேல் இருப்பது வழவழப்பான நிக்கல் பூச்சு. சூட்டில் உருக்கி வைக்கும் பசை அதில் சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு முறை மீனைத் தூக்கும்போதும், பிரிக்கும்போதும் இழுப்பு முழுவதும் அந்தப் பசையின் மேல்தான் விழுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் மரம் ஊதிச் சுருங்கி, பசை இன்னும் விடும். நல்ல தயாரிப்பில் மீனுக்குக் காந்தமே கிடையாது, இரும்புத் துண்டுதான் இருக்கும். காந்தம் தூண்டில் முனையில் மட்டும், பிளாஸ்டிக்கோ மரமோ முழுக்க மூடியபடி இருக்கும்.

இரண்டு பக்கமும் காந்தம் வைத்ததில் ஆட்டமும் கெட்டது. துருவம் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். 22இல் 7 மீன்கள் தூண்டிலைக் கண்டால் விலகி ஓடுகின்றன. பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அழுகிறது. பகடையில் ஆறு நிறம், மீன்களிலோ ஐந்துதான். ஊதா விழுந்தால் பிடிக்க மீனே இல்லை.

வேறு இடத்தில் வாங்கியிருந்தாலும், பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் சோதித்துவிடுங்கள். முதலில் காந்தங்களை எண்ணி, பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றையும் இரும்புக் கதவில் ஒட்டி, நேராகவும் திருகியும் இருபது முறை பிரியுங்கள். எவர்சில்வரில் பல வகை காந்தத்தை ஈர்க்காது, அதில் சோதிக்க வேண்டாம். பிறகு சுமார் 85 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தரையில் ஐந்து முறை போடுங்கள். காந்தத்தின் விளிம்புக்குள் நகம் நுழைந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தரையெங்கும், கட்டிலுக்கு அடியிலும் இழுத்துத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், விழுங்கியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் புகார் போனதும், பெட்டியைப் பிரித்த வீடியோ கேட்டார்கள். அதை அனுப்பியதும் "சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். காய்ந்த சூப்பர் க்ளூ தட்டினால் தெறிக்கும், அதை நம்பவே கூடாது. அடுத்து அவர்கள் செய்தது இன்னும் மோசம்: மாற்று என்று சொல்லி, பத்து காந்தங்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எச்சரிக்கை வரி ஒன்றுகூட இல்லாமல் அனுப்பினார்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு! பணம் இன்னும் திரும்பவில்லை.

இதே பெட்டி, இதே படங்களோடு, வேறு இரண்டு பெயர்களிலும் விற்பனையில் இருக்கிறது. பெயரை நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மீனின் வாயில் வெள்ளியாக ஒரு வட்டம் பளபளக்கும், தூண்டில் முனையிலும் அதேபோல மூடியில்லாத வட்டம் இருக்கும்.