பகிர்வு சேவையகமா, வி.பி.எஸ். சேவையகமா?

ஹட்டனில் நாங்கள் நடத்தும் வினாத்தாள் இணையதளம், சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் திணறும். பல தளங்கள் ஒரே கணினியைப் பகிரும் பகிர்வு சேவையகம், தோட்ட லயத்துப் பொதுக் குழாய் போன்றது. அடுத்தவர் அதிகம் பிடித்தால் நமக்குக் குறையும். ஆனால் செலவு குறைவு, பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு.

வி.பி.எஸ். என்பது ஒரே கணினியை மென்பொருளால் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனிச் சேவையகம் போலத் தருவது. அதில் நினைவகம் நமக்கென ஒதுக்கப்படும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம், காப்புப் பிரதி எல்லாம் பெரும்பாலும் நம் வேலை.

தளம் மெதுவானதும் மாறிவிடாதீர்கள். முதலில், ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து மீண்டும் காட்டும் கேஷ் வசதியை இயக்குங்கள். தரவுத்தளத்தில் அடிக்கடி தேடப்படும் புலங்களுக்கு, விரைவாகத் தேட உதவும் சுட்டெண் (index) சேருங்கள். பல தளங்களுக்கு அதுவே போதும். அதன் பிறகும் மாலைதோறும் 508 பிழை வந்தால், பகிர்வு சேவையகத்தில் பெரும்பாலும் நமக்கு ஒதுக்கிய வளம் தீர்கிறது என்று பொருள். அப்போது நான் தயங்காமல் வி.பி.எஸ். பக்கம் போவேன். தோட்டத்து மேட்டில் சிக்னல் தேடி ஏறிய பிள்ளைக்குப் பிழைச்செய்தியைக் காட்ட எனக்கு மனமில்லை.